வேறு ஆன்டிவைரஸ் போட்டால் டிஃபெண்டரை நிறுத்த வேண்டுமா?

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் வேறு கம்பெனி ஆன்டிவைரஸ் ஒன்றை நிறுவினால், விண்டோஸோடு கூடவே வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரைத் தேடிப்பிடித்து நிறுத்த வேண்டியதே இல்லை, புதியது விண்டோஸ் செக்யூரிட்டி ஆப்பில் பதிவானதும் டிஃபெண்டர் தானாகவே ஒதுங்கிக்கொள்ளும். சந்தேகமாக இருந்தால் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, செட்டிங்ஸுக்குள் மேனேஜ் புரொவைடர்ஸை அழுத்துங்கள், எது ஓடுகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். டிஃபெண்டர் எந்நேரமும் கண்காணிக்கும் ரியல்-டைம் புரொடெக்‌ஷனை நீங்களே அணைத்தாலும் அது தற்காலிகம்தான், கொஞ்ச நேரத்தில் மறுபடி ஓட ஆரம்பிக்கும். தயவுசெய்து விண்டோஸின் உள் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியில் மட்டும் கை வைக்காதீர்கள்! அங்கே டிஃபெண்டரை நிறுத்தும் டிசேபிள்ஆன்டிஸ்பைவேர் என்ற பழைய வழியை மைக்ரோசாஃப்ட் 2020-லேயே வீட்டுக் கணினிகளில் செல்லாததாக்கிவிட்டது. அப்புறம், சந்தா முடிந்த ஆன்டிவைரஸை அப்படியே விட்டுவைக்காமல் நீக்கிவிடுங்கள், டிஃபெண்டர் தானே திரும்ப வேலையைத் தொடங்கிவிடும்.