"நீங்க வித்துருங்க, அப்புறம் பாத்துக்கலாம்": பழம் ஏத்துமதியில தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்க ஆபீஸ்ல வேலை பாக்குற தம்பி ஒருத்தன் ஃபோனை நீட்டி "அண்ணே, சென்னை பார்ட்டி படம் அனுப்பிருக்காரு, பழம் மெத்துன்னு இருக்காம், பதில் போட்டுரவா"ன்னு கேட்டான். வாங்கிப் பாத்தா ஏற்கனவே டைப் பண்ணி வெச்சிருக்கான், "சரிங்கண்ணே, நீங்க வித்துருங்க, அப்புறம் பாத்துக்கலாம்"னு, அனுப்புறதுதான் பாக்கி. எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரல. ஒரு எழுத்து மாறாம இதே வரியை நானும் ஒரு தடவை அனுப்பியிருக்கேன், அதுக்கு என்ன விலை குடுத்தேன்னு இந்தப் பையனுக்குத் தெரியாது, சொல்லியிருக்கணும், சொல்லல. அதான் இப்ப உக்காந்து எழுதுறேன்.

நான் தேனிப் பக்கம், தென்னாப்பிரிக்காவுல இருக்கிற டர்பன் வந்து 14 வருஷம் ஆச்சு. ஆரஞ்சு, எலுமிச்சை, திராட்சை, ஆப்பிள்னு சீசனுக்கு ஏத்த மாதிரி சென்னைக்கும் கல்ஃபுக்கும் அனுப்புறோம். இன்வாய்ஸ்ல பேர் தப்பு, கார்ட்டன் கணக்கு தப்பு, இதெல்லாம் ரெண்டு தடவை திட்டு வாங்கினா தானா சரியாயிடும், அதை நான் சொல்லப் போறதில்ல.

சூடான பழத்தை ஏத்துறது

ரீஃபர் பெட்டிக்குள்ள, அதாவது குளிரூட்டுற கன்டெய்னருக்குள்ள போட்டா பழம் குளிர்ந்துரும்னு புதுசா வர்ற எல்லாரும் நினைக்கிறாங்க. அது குளிர்ந்த பழத்தை குளிராவே வெச்சிருக்கத்தான் செஞ்சது, சூடா உள்ள போன பழத்தோட சூட்டைக் குறைக்கிறதுக்கு அதுக்குத் தெம்பு கிடையாது. அதனால ஏத்துறதுக்கு முன்னாடி பழத்துக்குள்ள ஊசி தெர்மாமீட்டர் குத்தி உள்சூடு பாக்கணும், பாலெட் (கார்ட்டன் அடுக்கின தட்டு) வாரியா எழுதி வெக்கணும். இங்க ஏத்துமதி பழத்தை சோதிக்கிற பிபிஇசிபி 1926லருந்து இருக்கிற அமைப்பு, அவங்க ஆள் பாத்துட்டுப் போயிட்டார்னு நீங்க பாக்காம விட்டுராதீங்க, நாளைக்கு சண்டைன்னு வந்தா உங்க கையில உங்க பேப்பர் இருக்கணும். இன்னொண்ணு, எலுமிச்சையை ஆரஞ்சு போடுற குளிர்ல போட்டு அனுப்பாதீங்க, தோல்ல குழி குழியா விழுந்து பழுப்பாயிரும், அப்புறம் வாங்குறவர் அழுகல்னுதான் சொல்லுவாரு, நம்மால மறுத்துப் பேச முடியாது.

சிஐஎஃப்னா சென்னை வரைக்கும் நம்ம பொறுப்புன்னு நினைக்கிறது

இல்லவே இல்ல. சிஐஎஃப்னா சரக்கு விலை, இன்சூரன்ஸ், கப்பல் கூலி மூணும் சேந்த விலை. அதுல நாம சென்னை துறைமுகம் வரைக்கும் கப்பல் கூலி கட்டுறோம், இன்சூரன்ஸ் எடுக்குறோம், அவ்வளவுதான். ரிஸ்க் இங்க டர்பன்ல சரக்கு கப்பல்ல ஏறின உடனே வாங்குறவர் பக்கம் போயிருது. ஏறும்போதே பழம் கெட்டிருந்தா, அல்லது ஏறும்போதே அதுல நோய் இருந்தா, அது நம்ம தப்பு. நல்லா ஏறி வழியில கெட்டா அவர் கப்பல் கம்பெனிகிட்டயும் இன்சூரன்ஸ்கிட்டயும் கேக்கணும், நமக்கு பேசின காசை முழுசா குடுக்கணும். இதுல ஒரு பெரிய ஓட்டை இருக்கு. சிஐஎஃப்புக்கு விதிப்படி எடுத்தே ஆக வேண்டிய இன்சூரன்ஸ் கிளாஸ் சி (Institute Cargo Clauses C) மட்டும்தான், அதுல கப்பல் முழுகினா, தீப்பிடிச்சா, மோதினா காசு வரும், ரீஃபர் மோட்டார் நின்னு பழம் கெட்டதுக்கு ஒரு ரூபா வராது. பழத்துக்கு கிளாஸ் சி எடுக்கிறதும் எடுக்காததும் ஒண்ணுதான். ரீஃபர் பழுதுக்குன்னு தனியா கேட்டு எழுத வெச்சு வாங்குங்க, யார் அந்தக் காசு கட்டுறதுன்னு ஒப்பந்தத்துலயே போடுங்க.

"நீங்க வித்துருங்க, அப்புறம் பாத்துக்கலாம்"

இதுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் வயிறு எரியிற தவறு.

கொஞ்ச வருஷம் முன்னாடி, வாலென்சியா ஆரஞ்சு ஒரு 40 அடி கன்டெய்னர், 20 பாலெட், 15 கிலோ கார்ட்டன் 1,600. கார்ட்டன் 12 டாலர்னு சிஐஎஃப் சென்னை விலை பேசி 30 சதவீதம் அட்வான்ஸ் வாங்கி, மிச்சம் 13,440 டாலர் சரக்கு வந்த பிறகுன்னு நம்பிக்கையில விட்டேன். கொழும்புல கப்பல் மாறிப் போச்சு. ஆயுத பூஜைக்கு ரெண்டு நாள் முன்னாடி சென்னையில கன்டெய்னர் வெளிய வந்துச்சு, மத்தியானம் வாங்கினவர்கிட்டருந்து ஃபோன் வருது, "அண்ணே, கதவுப் பக்கம் நாலு பாலெட் சூடா இருக்கு, பழம் மெத்துன்னு போச்சு, நாளைக்கழிச்சு பூஜை, இன்னைக்கு நைட்டு கோயம்பேட்டுல இறக்கலன்னா அப்புறம் நாய் கூட திரும்பிப் பாக்காது, என்ன பண்ணட்டும்". அவர் சொன்னதும் பொய் இல்ல, பூஜை முடிஞ்ச மறுநாள் பழ மார்க்கெட் எப்படிக் கிடக்கும்னு எனக்கும் தெரியும். அவர் பதட்டம் எனக்கும் தொத்திக்கிச்சு. அந்த மெசேஜை அனுப்பிட்டு நிம்மதியா தூங்கினேன்.

ரெண்டே நாள்ல எல்லாத்தையும் வித்துட்டாரு. ஒரு வாரம் கழிச்சு ஒரே ஒரு தாள்ல கணக்கு வந்துச்சு, எல்லாத்துக்கும் சேத்து ஒரே சராசரி விலை, அதுல கமிஷன், இறக்குகூலி, வண்டி வாடகை, குப்பையில கொட்டினது இத்தனைன்னு கழிச்சு, மிச்சம் எனக்கு 2,100 டாலர். எது எத்தனைக்குப் போச்சு, நல்லா இருந்த 16 பாலெட் என்ன விலை, எதுவும் இல்ல. கேட்டா, "நீங்கதானே விக்கச் சொன்னீங்க"ன்னாரு. அவர் சொன்னதுல தப்பு கண்டுபிடிக்க முடியல. கப்பல்ல ஏறின நிமிஷமே அவர் தலைக்குப் போன ரிஸ்க்கை நானே ஒரு வரியில எடுத்து என் தலையில வெச்சுக்கிட்டேன், பேசி முடிச்ச விலையை நானே கமிஷனுக்கு வித்த சரக்கா மாத்திட்டேன்.

சரி, கப்பல் கம்பெனிகிட்டயாவது கேப்போம்னு பாத்தேன். உள்ள வெச்சு அனுப்பின டெம்பரேச்சர் லாகர் (வழி முழுக்க சூட்டைப் பதிவு பண்ற கருவி) எங்கன்னு விசாரிச்சா, வாங்கினவர் கடை கல்லாப்பெட்டிக்குள்ள, ரப்பர் பேண்டுக்கும் பழைய சீட்டுக்கும் நடுவுல மூணு மாசமா கிடந்திருக்கு. ஊருக்குப் போயிட்டு வந்த ஒருத்தர் கையில கொண்டு வந்து குடுத்தாரு. கம்ப்யூட்டர்ல சொருகிப் பாக்குறேன், பத்து நாள் 4 டிகிரியில கோடு போட்ட மாதிரி நேரா போகுது, 11வது நாள் கொழும்புல நிக்கும்போது மேல ஏற ஆரம்பிச்சு 17 டிகிரி வரைக்கும் போயி, 31 மணி நேரம் கழிச்சுதான் இறங்குது. பெட்டியை பிளக்ல சொருகாம விட்டிருக்காங்க. தப்பு யாருதுன்னு பளிச்சுன்னு தெரியுது, ஆனா அந்தக் கோட்டை வெச்சு நான் ஒண்ணும் பண்ண முடியல.

ஏன்னு சொல்றேன். தென்னாப்பிரிக்காவோட 1986ம் வருஷத்து கடல்வழி சரக்குச் சட்டம் ஹேக்-விஸ்பிங்கிற சர்வதேச கப்பல் சரக்கு விதிகளை எடுத்துக்கிச்சு, இங்க துறைமுகத்துல ஏத்துற சரக்குக்கு அதுதான் பேசும். சேதம் கண்ணுக்குத் தெரிஞ்சா சரக்கை எடுக்கும்போதே எழுத்துல கப்பல் கம்பெனிக்கு சொல்லணும், தெரியாத சேதம்னா 3 நாளைக்குள்ள. சொல்லலன்னா உரிமை அப்படியே செத்துராது, ஆனா சரக்கு நல்லபடியா வந்து சேந்துச்சுன்னுதான் முதல்ல எடுத்துப்பாங்க, இல்லன்னு நிரூபிக்கிற பாரம் நம்ம தலையில. கேஸ் போடணும்னா டெலிவரி ஆன 1 வருஷத்துக்குள்ள. நாங்க எழுத்துல ஒண்ணும் குடுக்கல, சேதத்தைப் பாத்து எழுதுற சர்வேயர் வரல, பழம் எல்லாம் வித்தாச்சு. "17 டிகிரி ஏறுச்சு சரி, அதனால எத்தனை கார்ட்டன் எவ்வளவு கெட்டுச்சு, காட்டுங்க"ன்னு கேட்டாங்க. காட்ட என்ன இருக்கு? இன்சூரன்ஸ்காரர் கிளாஸ் சியைக் காட்டி மறுத்துட்டாரு.

இந்தத் தப்பு எங்கருந்து வருதுன்னு ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். நம்மாளுங்க எல்லாரும் கமிஷன் மண்டியில வளந்தவங்க. நான் வந்த புதுசுல இங்க டர்பன் ஃப்ரெஷ் ப்ரொட்யூஸ் மார்க்கெட்ல ஏஜென்ட்டுங்க கூடத்தான் தொழில் கத்துக்கிட்டேன், அங்க விவசாயி சரக்கை இறக்குவாரு, ஏஜென்ட் வித்துக் குடுத்து கமிஷன் எடுப்பாரு, விலை அன்னைக்கு என்னவோ அதுதான். கோயம்பேடும் ரொம்ப காலமா அப்படித்தான். அங்க "வித்துட்டு பாத்துக்கலாம்"ங்கிறது நேர்மையான வார்த்தை, தொழிலே அதுதான். விலை பேசி இன்வாய்ஸ் போட்ட சரக்குக்கு அதே வார்த்தையைச் சொன்னா ஒப்பந்தமே மாறிப் போயிரும், இது நம்ம வாய்க்குத் தெரிய மாட்டேங்குது.

அப்ப கெடுற பழத்தை அப்படியே விடுறதான்னு கேப்பீங்க. விடக்கூடாது, நஷ்டத்தைக் குறைக்கிற கடமை எல்லாருக்கும் இருக்கு. வரிசைதான் முக்கியம். முதல்ல கதவைச் சாத்தி பெட்டியை பிளக்ல போடச் சொல்லுங்க. கப்பல் கம்பெனிக்கும் இன்சூரன்ஸுக்கும் அன்னைக்கே எழுத்துல போகணும், கூட்டு சர்வேக்கு அவங்களையும் கூப்பிடணும். சர்வேயர் பாத்து எழுதின பிறகு விக்கலாம், அதுவும் "எங்க உரிமைக்கு பங்கம் இல்லாம, விலைக்குறைப்புக்கு ஒத்துக்காம"ன்னு எழுதிட்டு. விக்கிற ஒவ்வொரு லாட்டுக்கும் தேதி, எடை, விலை, சீட்டு வேணும். அதே நாள்ல நல்ல ஆரஞ்சு மார்க்கெட்ல என்ன விலைக்குப் போச்சுன்னும் வாங்கி வைங்க, நஷ்டத்தைக் கணக்குப் போடுறதே அந்த விலையை வெச்சுத்தான். பண்டிகை நேரத்துல சர்வேயர் கிடைக்க மாட்டாருன்னா சரக்கு கப்பல்ல இருக்கும்போதே பேசி வைங்க, கப்பல் எப்ப வரும்னு நமக்கு முன்னாடியே தெரியுது இல்ல.

லாகர்

நம்பரை இன்வாய்ஸ்லயே எழுதுங்க, எந்த பாலெட்ல இருக்குன்னும்.

படத்தைப் பாத்து ஒத்துக்கிறது

பத்து படம் வரும், பத்தும் ஒரே கார்ட்டனை பத்து கோணத்துல எடுத்ததா இருக்கும். கார்ட்டன் லேபிளோட எடுக்கச் சொல்லுங்க. நம்ம கார்ட்டன்ல பியூசி கோட் நம்பர் இருக்கும், எந்தத் தோட்டத்துப் பழம்னு அதுல தெரியும். பச்சைப் பூஞ்சை ஒரே தோட்டத்து கோட் நம்பர்ல மட்டும், பெட்டி முழுக்க பரவலா இருந்தா அது பேக்ஹவுஸ் (பழத்தை கார்ட்டன்ல அடைக்கிற இடம்) கோளாறு, நாம பொறுப்பு ஏத்துக்கணும், மழுப்பக்கூடாது. எந்தத் தோட்டமா இருந்தாலும் கதவுப் பக்க பாலெட் மட்டும் கெட்டிருந்தா காத்தோட்டமோ குளிரோ தப்பிருக்கு. இந்த வித்தியாசம் தெரியாம பாதி விலை குறைச்சுக் குடுத்தவங்களை எனக்குத் தெரியும்.

"துறைமுகத்துல லேட்டு"ன்னு மட்டும் சொல்றது

2022 ஏப்ரல்ல வெள்ளம், அதே வருஷம் அக்டோபர்ல துறைமுகத்தை நடத்துற அரசு கம்பெனி டிரான்ஸ்நெட்ல ஸ்ட்ரைக், 2023 நவம்பர்ல டர்பனுக்கு வெளிய கப்பல் வரிசை கட்டி நின்னுச்சு. இங்க தொழில் பண்றவனுக்கு தாமதம் புதுசு இல்ல. ஆனா நல்ல இன்சூரன்ஸ் எடுத்திருந்தாலும் தாமதத்தால கெட்டதுக்கு பொதுவா காசு கிடையாது, பழம் தன் இயல்புல பழுத்து அழுகினதுக்கும் கிடையாது. அதனால எத்தனை நாள் தள்ளிப் போனா யாருக்கு என்னன்னு ஒப்பந்தத்துல போடுங்க, ஸ்ட்ரைக், வெள்ளம், துறைமுக நெரிசல்னு ஒவ்வொண்ணா பேர் சொல்லி.

எந்த ஊர்ல வழக்கு

டர்பனா, சென்னையான்னு அட்வான்ஸ் வாங்குறதுக்கு முன்னாடி எழுதுங்க.

அந்தத் தம்பி டைப் பண்ணதை அழிச்சுட்டு பக்கத்துல உக்காந்து வேற எழுத வெச்சேன். "படம் கிடைச்சுது. தயவு செஞ்சு இறக்க வேண்டாம், கதவைச் சாத்தி பெட்டியை பிளக்ல வைங்க. கப்பல் கம்பெனிக்கு இன்னைக்கே எழுத்துல குடுங்க, நகல் எங்களுக்கும் அனுப்புங்க. சர்வேயரை ஏற்பாடு பண்றோம். விலை குறைக்க நாங்க ஒத்துக்கிட்டதா இதை எடுத்துக்க வேண்டாம்." பார்ட்டி கோவிச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் ஃபோனே எடுக்கல, பையன் முகம் சுண்டிப் போச்சு. அப்புறம் அவரே கூப்பிட்டாரு. வியாழக்கிழமை காலையில சர்வேயர் போனாரு, 20 பாலெட்ல 3தான் மெத்துன்னு இருந்துச்சு, மூணும் கதவுப் பக்கம். லாகரை சர்வேயர் முன்னாடியே எடுத்து அதோட நம்பர் தெரியிற மாதிரி படம் எடுத்து அனுப்பிட்டாங்க.