நெரிசலில் 100 சிசி வண்டி: இடது கை செய்யும் சேதம்

ஜூன் மாதம் வந்தால் என் ஒர்க்‌ஷாப்பில் புது முகங்கள் கூடும். படிப்பு முடித்த பையன்கள் திருவனந்தபுரத்தில் சாலைக் கம்போளம் என்கிற சந்தையின் கடைகளுக்கும் மெடிக்கல் காலேஜ் பக்கத்து லேப்களுக்கும் வேலைக்குப் போக ஆரம்பித்திருப்பார்கள். அப்பா பணம் கட்டி ஒரு 100 சிசி அல்லது 110 சிசி வண்டி எடுத்துக் கொடுத்திருப்பார். காலையில் குமரி மாவட்டத்து மார்த்தாண்டம், எல்லையில் களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், நேமம், கரமனை. சாயங்காலம் அதே வழியில் திரும்ப. காரோடு என்ற ஊர் வரை பைபாஸ் வந்த பிறகும் பழைய 47-ஆம் நம்பர் ரோட்டில் கூட்டம் குறைந்த மாதிரி தெரியவில்லை. விழிஞ்ஞம் ரோடும் காட்டாக்கடை ரோடும் வந்து சேருகிற பாலராமபுரம் சந்திப்பில் எட்டரை மணிக்கு மாட்டினால் தெரியும்.

இருபது வருஷத்துக்கு முன்னால் எங்கள் செட்டு ஆட்கள் வண்டியை என்னவெல்லாம் செய்தோமோ அதையேதான் இந்தப் பையன்களும் செய்கிறார்கள். அதனால் எழுதுகிறேன். காற்றுப் பார், ஆயில் மாற்று, சைட் ஸ்டாண்டை எடு என்பதெல்லாம் ஷோரூமிலேயே சொல்லியிருப்பார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

அரைக் கிளட்ச்

லீவரை முழுக்க விடாமல், முழுக்கப் பிடிக்காமல், பாதியில் வைத்துக்கொண்டு வலது கையால் லேசாக முறுக்கி முறுக்கி ஊர்வது. நெரிசலில் பத்துக்கு எட்டு பேர் இப்படித்தான் ஓட்டுகிறார்கள். எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிற விஷயம் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்த வண்டிகளில் கிளட்ச் ஆயிலில் நனைந்துகொண்டே இருக்கும். உராய்வுப் பிளேட்டையும் இரும்புப் பிளேட்டையும் ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கி, மேலே ஸ்பிரிங் போட்டு நெருக்கியிருப்பார்கள். லீவரை விட்டால் ஸ்பிரிங் எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்து, எஞ்சின் சுற்றுவதைக் கியருக்குக் கொடுக்கும். லீவரைப் பிடித்தால் பிளேட்டுகள் விலகும். பாதியில் நிறுத்தினால் ஒரு வகைப் பிளேட் ஒரு வேகத்திலும் மற்றது வேறு வேகத்திலும் சுற்றிக்கொண்டு ஒன்றையொன்று தேய்க்கும். ஓடுகிற கிரைண்டர் கல்லை உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்கிற மாதிரிதான். வண்டி கிளம்பும்போது ஓரிரு விநாடி இந்தத் தேய்ப்பு நடந்துதான் ஆக வேண்டும், அதைத் தாங்குகிற மாதிரிதான் செய்திருக்கிறார்கள். கால் மணி நேரம் விடாமல் தேய்த்தால் தாங்காது.

கொஞ்ச நாள் முன்பு அருமனைப் பக்கத்துப் பையன் ஒருவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தான். வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. “அண்ணே, முறுக்குனா சத்தம் மட்டும் வருது, வண்டி போவ மாட்டேங்கு.”

ஆயிலை வடித்தபோதே கருகிய வாடை. கவரைக் கழற்றிப் பார்த்தால் இரும்புப் பிளேட்டுகளில் நீலமும் ஊதாவுமாக வட்டம் விழுந்திருக்கிறது. இரும்பு நன்றாகச் சூடேறி ஆறினால் அந்த நிறம் வரும். உராய்வுப் பிளேட்டில் கட்டம் கட்டமாக மேடாக இருக்க வேண்டிய பாகம் மழமழவென்று தேய்ந்து, நகத்தால் சுரண்டினால் உதிர்கிறது.

“எப்படி லே ஓட்டுனே? ஏறி உக்காந்து காட்டு” என்றேன். ஏறி உட்கார்ந்தான். நான்கு விரலும் நேரே கிளட்ச் லீவரில் போய் உட்கார்ந்து, பாதி இழுத்து நின்றன. வண்டி ஸ்டார்ட்டில்கூட இல்லை!

“அவசரத்துக்குப் பிடிக்கணும்லா, அதான்.”

அவசரத்துக்குப் பிடிக்க வேண்டியது பிரேக்கை. கிளட்சை மட்டும் பிடித்தால் எஞ்சின் பிடிப்பும் போய் வண்டி இன்னும் சுதந்திரமாக உருளும். இதை அவனுக்குப் பொறுமையாகச் சொல்லி, புது செட் போட்டு, கேபிளைச் சரிசெய்து அனுப்பினேன். அடுத்த மழைக்காலத்துக்குள் அதே சத்தத்தோடு திரும்பி வந்தான். வந்த உடனே கேட்ட கேள்வி: “போட்ட பிளேட் டூப்ளிகேட்டாண்ணே?” அதைத்தான் தாங்க முடியவில்லை.

சரி, அப்படியானால் நெரிசலில் எப்படித்தான் ஊர்வது? ஸ்ப்ளெண்டர் மாதிரி ஒரு 100 சிசி வண்டி ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாமல் சும்மா ஓடும்போது, நிமிடத்துக்குச் சுமார் 1400 சுற்று சுற்றும். முதல் கியர் போட்டு, கிளட்சை முழுக்க விட்டுவிட்டு, ஆக்சிலேட்டரையும் தொடாமல் விட்டால் சமதரையில் வண்டி மணிக்கு நாலைந்து கிலோமீட்டர் வேகத்தில் தானாகவே நகரும். ஆள் நடக்கிற வேகம். பாலராமபுரத்தில் காலையில் வேறு என்ன வேகம் கிடைக்கப் போகிறது? ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு தடவை செய்து பாருங்கள். லீவரிலிருந்து விரல்களை எடுத்துவிட்டு, முதல் கியரில் எஞ்சின் இழுத்துக்கொண்டு போவதை உட்கார்ந்து கவனியுங்கள். பெரும்பாலானவர்கள் வண்டி நின்றுவிடும் என்று பயந்துதான் அரைக் கிளட்ச் பிடிக்கிறார்கள். நிற்காது. நின்றால் ஐடிலிங் குறைவாக இருக்கிறது என்று அர்த்தம், அதைச் சரிசெய்யலாம்.

அதைவிடவும் மெதுவாகப் போகிற கூட்டம் என்றால் ஊர்வதையே விட்டுவிடுங்கள். நியூட்ரலுக்கு வந்து காலை ஊன்றி நில்லுங்கள். முன்னால் இரண்டு வண்டி நீளத்துக்கு இடம் விழட்டும், பிறகு ஒரே மூச்சில் கிளட்சை விட்டுப் போய் மறுபடி நில்லுங்கள். அந்த இடைவெளியில் ஆட்டோ வந்து நுழைந்துவிடும் என்பார்கள். நுழையட்டுமே. அதே ஆட்டோ அடுத்த சிக்னலில் உங்களுக்கு இரண்டு வண்டி முன்னால்தான் நிற்கும்.

மேட்டில் நிற்பது இன்னும் மோசம். நம் பக்கத்தில் சமதரை எங்கே இருக்கிறது, குழித்துறை தொடங்கி ஏற்றமும் இறக்கமுமாகத்தானே ரோடு? ஏற்றத்தில் பிரேக்கைத் தொடாமல், கிளட்சையும் ஆக்சிலேட்டரையும் வைத்தே வண்டியை அந்தரத்தில் நிறுத்திக் காட்டுவதைச் சிலர் திறமை என்று நினைக்கிறார்கள். நிறுத்தி வைத்திருக்கும் ஒவ்வொரு விநாடியும் உங்கள் எடையும் வண்டியின் எடையும் அந்த மெல்லிய பிளேட்டுகளின் மேல்தான். பின் பிரேக்கை மிதித்து நில்லுங்கள். கிளம்பும்போது கிளட்ச் பிடிக்க ஆரம்பிப்பது கையில் தெரியும், அப்போது காலை எடுங்கள்.

செலவு பிளேட்டோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. இந்த வண்டிகளில் எஞ்சினுக்கும் கியருக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில்தான், அதுவும் ஒரு லிட்டர் அளவு. தேய்ந்த பிளேட்டின் தூள் அந்த ஆயிலோடு பிஸ்டன் வரைக்கும் சுற்றி வரும். காற்றில் ஆறுகிற எஞ்சின் இது, ஊர்கிற வண்டிக்குக் காற்று ஏது? சூடான எஞ்சினில் இளகிப்போன, தூள் கலந்த ஆயில். இதில் மீட்டரைப் பார்த்து “இன்னும் 3000 ஓடலியே” என்று ஆயில் மாற்றாமல் விடுவது வேறு. மீட்டர் கிலோமீட்டரைத்தான் எண்ணும். நேமத்தில் நின்றபடி எஞ்சின் ஓடிய நேரத்தை அது எண்ணாது.

கேபிளை இறுக்கிக்கொள்வது

மேலே சொன்னதன் தம்பி இது. கிளட்ச் வழுக்க ஆரம்பித்ததும் யாராவது ஒருவர் “அட்ஜஸ்டரை ரெண்டு சுத்து இறுக்கு” என்று சொல்லிவிடுவார். நேர் எதிர். இறுக்கினால் கேபிளே கிளட்சைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் லீவரைத் தொடாவிட்டாலும் அரைக் கிளட்ச்தான். லீவரின் நுனி ஒரு விரல் தடிமன், அதாவது 10 முதல் 15 மில்லிமீட்டர், சும்மா ஆட வேண்டும். ஹாண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பியும் அந்த ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.

வழுக்குகிறதா என்று தெரிந்துகொள்ள, காலியான ரோட்டில் நாலாம் கியரில் 40 வேகத்தில் போகும்போது சட்டென்று முறுக்குங்கள். சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் முடிந்தது.

கார் ஆயில்

அண்ணன் காருக்கு வாங்கியதில் மிச்சம் இருக்கிறது என்று ஊற்றாதீர்கள். காருக்கு கிளட்ச் ஆயிலுக்கு வெளியே இருக்கிறது, அதனால் உராய்வைக் குறைக்கிற சரக்கு அந்த ஆயிலில் சேர்ந்திருக்கும். பைக்கில் ஊற்றினால் நல்ல பிளேட்கூட வழுக்கும். டப்பாவில் ஜாசோ எம்ஏ (JASO MA) என்று போட்டிருக்கிறதா பாருங்கள். ஸ்கூட்டர்களுக்கு வருகிற எம்பி (MB) வேறு, அதையும் எடுக்காதீர்கள்.

டாப் கியரில் ஊர்வது

மைலேஜ் கிடைக்கும் என்று 25 வேகத்தில் நாலாம் கியர் போட்டு, வண்டி குலுங்கக் குலுங்க ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். அவர்களைப் பார்த்துப் பையன்களும் கற்றுக்கொள்கிறார்கள். மிச்சமாவது ஒன்றுமில்லை. அந்தக் குலுக்கலைச் செயினும் பின் ஹப்புக்குள் இருக்கும் ரப்பரும் வாங்கிக்கொள்கின்றன. எஞ்சின் முனகுவது காதுக்குக் கேட்டால் ஒரு கியர் குறையுங்கள். ஊர்வதைவிடக் கொஞ்சம் வேகமாக நகர்கிற நெரிசலில் இரண்டாம் கியர்தான் உங்கள் வீடு.

பிரேக் மிதியில் கால் வைத்தபடி ஓட்டுவது

பிரேக் ஷூ தேயும், பின் விளக்கு எப்போதும் எரியும், பின்னால் வருகிறவன் நம்ப மாட்டான். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டி என்றால் அந்த மிதி முன் பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கும், அதுவும் தேயும்.

நிற்கிற பஸ்ஸின் இடது பக்கம் நுழைவது

வேண்டாம். கதவு அங்கேதான் இருக்கிறது.

மழையும் செயினும்

நமக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. நனைந்த செயினை அப்படியே விட்டால் ஒரே வாரத்தில் துருவின் நிறம் ஏறிவிடும். செயின் கவர் முழுக்க மூடியிருக்கிற வண்டிகளில் அது கண்ணுக்குத் தெரியாது, அதுதான் சிக்கல். வடித்த பழைய எஞ்சின் ஆயிலைச் செயினுக்கு ஊற்றித் தரச் சொல்லிக் கேட்பார்கள். அதில் இருக்கிற இரும்புத் தூளே செயினைத் தின்னும். துடைத்துவிட்டு 90 நம்பர் கியர் ஆயில் விடுங்கள், ஒழுகுகிற மிச்சத்தைத் துணியால் எடுங்கள். அப்புறம், டிரம் பிரேக்கில் தண்ணீர் புகுந்தால் முதல் மிதியில் பிடிக்காது. தேங்கிய தண்ணீரைத் தாண்டியதும் மெதுவாக ஓட்டிக்கொண்டே இரண்டு மூன்று தடவை லேசாக மிதித்துக் காய வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய வண்டி எடுத்தால் சிரமம் குறையும் என்பது

ஸ்ப்ளெண்டர் 112 கிலோ சுமார். 150, 160 சிசி வண்டிகள் 135 முதல் 150 கிலோ வரை. தம்பானூர் சிக்னலில் காலை ஊன்றி நின்று நின்று போகும்போது அந்த வித்தியாசம் முழங்காலுக்குத் தெரியும். தினமும் பின்னால் ஆள் ஏறும், வீடு மேட்டில் இருக்கிறது என்றால் 125 எடுங்கள், அதற்கு மேல் இந்த ரோட்டுக்குத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

பின்சீட்டு ஹெல்மெட்டை மடியில் வைத்திருப்பது

2023 ஜூன் முதல் கேரளத்தில் கேமராவே அபராதம் போடுகிறது. டிஎன் 75, தமிழ்நாட்டு வண்டி என்று பார்த்து விட்டுவிடாது.

எல்லைக்கு முன்னால் கழுத்து வரை பெட்ரோல்

தமிழ்நாட்டுப் பக்கம் பெட்ரோல் விலை குறைவு. அதனால் களியக்காவிளைக்கு முன்னால் நிறுத்தி, பம்பில் தானாக நின்ற பிறகும் “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று டேங்க் மூடி தொடுகிற வரை ஊற்றச் சொல்கிறார்கள். பழைய கார்புரேட்டர் வண்டியில் வெயிலில் நின்றால் வழிந்து போகும், அவ்வளவுதான். இப்போதைய பிஎஸ்-6, அதாவது புதிய புகை விதிப்படி வந்த, வண்டிகளில் பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்க கரி நிரப்பிய ஒரு டப்பா உண்டு, கேனிஸ்டர் என்பார்கள். டேங்கிலிருந்து ஒரு குழாய் அதற்குப் போகும். கழுத்து வரை ஊற்றினால் ஆவி போக வேண்டிய குழாயில் பெட்ரோலே போய்க் கரியை நனைத்துவிடும். அப்புறம் ஐடிலிங் ஏறி இறங்கும், சூட்டில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும், பெட்ரோல் வாடை அடிக்கும். பிளக் மாற்றி, இன்ஜெக்டர் கழுவி, எதிலும் சரியாகாமல் கடைசியில்தான் கேனிஸ்டரைப் பார்ப்போம். அதற்குள் கூலி ஏறியிருக்கும். டேங்க் கழுத்துக்குள் ஒரு தகடு தெரியும், பெட்ரோல் அதன் அடிவிளிம்பைத் தொட்டதும் போதும் என்று சொல்லிவிடுங்கள். மிச்சம் சாயங்காலம் திரும்பி வரும்போது போட்டுக்கொள்ளலாம், பம்ப் அங்கேதான் இருக்கும்.