தமிழில் நிரப்பும் படிவத்தில் நீள வரம்பு வைப்பது எப்படி

பாசனப் புகார், பயிர்க்கடன் விண்ணப்பம், நெல் கொள்முதல் முன்பதிவு என்று எந்தப் படிவமானாலும், ஊர்ப் பெயர்க் கட்டத்துக்கு மேக்ஸ்லென்த் (கட்டத்தில் அதிகபட்சம் எவ்வளவு எழுதலாம் என்னும் எச்டிஎம்எல் பண்பு) 15 என்று போட்டு, ஆங்கில எழுத்தில் தஞ்சாவூர் என்று தட்டிப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். அதே கட்டத்தில் திருத்துறைப்பூண்டியை ஒட்டுங்கள்: 'திருத்துறைப்பூண' என்று நிற்கும். பிழைச் செய்தி எதுவும் வராது, உலாவி சத்தமில்லாமல் வெட்டிவிடும்.

காரணம், மேக்ஸ்லென்த் எண்ணுவது எழுத்தை அல்ல, உலாவி உரையை உள்ளே வைத்திருக்கும் யூடிஎஃப்-16 முறையின் அலகை. கொக்கி, கால், கொம்பு, புள்ளி எல்லாம் அதற்குத் தனித்தனி. நாம் 9 எழுத்தாகப் படிக்கும் திருத்துறைப்பூண்டி அதன் கணக்கில் 18. உரையைச் சேமிக்கவும் அனுப்பவும் பயன்படும் யூடிஎஃப்-8 முறையில் பைட் கணக்கில் 54, ஏனென்றால் இந்தக் குறிகள் ஒவ்வொன்றும் 3 பைட்.

ஆகவே வரம்பைத் தீர்மானிக்கும் முன், தரவு போய்ச் சேரும் இடத்தில் எதை எண்ணுகிறார்கள் என்று கேளுங்கள். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் உரை வைக்கும் வார்கேர் வகை யூனிகோட் குறிகளை எண்ணும். ஆரக்கிள் தரவுத்தளத்தின் வார்கேர்2 தனியாகச் சொல்லாவிட்டால் பைட்டை எண்ணும். சர்வர் நிரல் பிஎச்பியில் இருந்தால், நீளம் பார்க்கும் ஸ்டிர்லென் என்றால் பைட், எம்பி_ஸ்டிர்லென் என்றால் குறி. எழுதியது எஸ்எம்எஸ்ஸாகப் போகிறது என்றால் தமிழில் ஒரு செய்திக்கு 70 அலகுதான். நீண்டு பல துண்டானால் துண்டுக்கு 67. இவற்றில் எது இறுக்கமானதோ அதுவே உண்மையான வரம்பு. பயனருக்கு எழுத்துக் கணக்கில் காட்டலாம், ஆனால் உள்ளே இந்த இறுக்கமான கணக்கையும் சேர்த்தே சோதிக்க வேண்டும்.

புகார் விவரம் போன்ற பெரிய கட்டங்களில் மேக்ஸ்லென்த்தையே எடுத்துவிடுவது நல்லது. கடைமடைக்காரர் வாட்ஸ்அப்பில் எழுதி வைத்ததை ஒட்டும்போது கடைசி இரண்டு வரி காணாமல் போவதைவிட, '34 எழுத்து அதிகம், குறையுங்கள்' என்று சொல்வது எவ்வளவோ மேல். செய்யும் முறை இது:

1. இன்புட் நிகழ்வில் (கட்டத்தில் எழுத்து மாறும்போதெல்லாம்) மதிப்பை எடுத்து, ஓர இடைவெளிகளை டிரிம் செய்து, என்எஃப்சி வடிவுக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோட் வடிவம்) நார்மலைஸ் செய்யுங்கள். 'கோ'வின் குறி ஒன்றாகவும் வரலாம், ஏகாரக் கொம்பும் காலுமாகப் பிரிந்தும் வரலாம். அதனால் ஒரே கும்பகோணம் ஓரிடத்தில் 10, இன்னோரிடத்தில் 11.
2. உரையைத் துண்டாக்கும் உலாவி வசதியான இன்ட்ல் செக்மென்டரை 'கிராஃபீம்' (படிப்பவர் கண்ணுக்கு ஓர் எழுத்து) அளவில் ஓட்டி எண்ணுங்கள். ஃபயர்ஃபாக்ஸிலும் 2024 முதல் இருக்கிறது. 'க்ஷ', 'ஸ்ரீ' இரண்டையும் அது இரண்டிரண்டாகத்தான் எண்ணும். அதற்காகத் தனி விதி எழுதுவது வீண் வேலை.
3. வரம்பு மீறினால், கட்டத்துக்குப் பிழைச் செய்தி வைக்கும் செட்கஸ்டம்வேலிடிட்டியில் செய்தியைக் கொடுங்கள். மீறாவிட்டால் வெற்றுச் சரத்தைக் கொடுங்கள். இதை விட்டால், பயனர் திருத்திய பிறகும் பிழை ஒட்டிக்கொண்டிருக்கும், படிவம் போகவே போகாது.

எண்ணிக்கையை ஏரியா-லைவ் 'பொலைட்' பகுதியில் (மாற்றத்தைத் திரைவாசிப்பான் குறுக்கிடாமல் வாசிக்கும் பகுதி) காட்டுங்கள், ஆனால் கடைசி 20 எழுத்து மிஞ்சும்போது மட்டும். ஒவ்வொரு தட்டலுக்கும் திரைவாசிப்பான் எண் சொன்னால் யாரும் எழுத முடியாது. ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் சொல் உருவாகிக்கொண்டிருக்கும்போது (இஸ்கம்போசிங் உண்மையாக இருக்கையில்) கட்டத்தின் மதிப்பை நிரலால் மாற்றவே கூடாது; எழுத்து இரட்டிக்கும் அல்லது விழுங்கப்படும்.

எண் கட்டங்களில் தொல்லை வேறு. டைப் 'நம்பர்' என்றால் மேக்ஸ்லென்த் வேலையே செய்யாது. டைப் 'டெக்ஸ்ட்', இன்புட்மோட் 'நியூமெரிக்' (எண் விசைப்பலகை வர), கூடவே பேட்டர்ன் (ஏற்கும் வடிவத்தைச் சொல்லும் விதி) என்று வையுங்கள். ஆதார் 12 இலக்கம், ஆனால் அட்டையில் உள்ளபடி இடைவெளியோடு ஒட்டினால் 14. வரம்பு 12 என்றால் கடைசி இரண்டு இலக்கம் போய்விடும். கைபேசி எண்ணை +91 சேர்த்து ஒட்டுபவருக்கும் இதே கதிதான். வரம்பைத் தாராளமாக விட்டு, இடைவெளியையும் முன்னொட்டையும் நீக்கிய பிறகு சரியாக 12, 10 என்று பாருங்கள்.

குறைந்தபட்ச நீளம் வைக்கும் மின்லென்த் வெற்றுக் கட்டத்தைத் தடுக்காது, கட்டாயம் நிரப்பச் சொல்லும் ரெக்வயர்டும் வேண்டும். இன்னொன்று: மேக்ஸ்லென்த், மின்லென்த் சோதனை பயனர் தட்டிய மதிப்புக்குத்தான். சேமித்த வரைவை நிரல் மீட்டு நிரப்பினால் அதைப் பார்க்காது. ஆகவே உங்கள் சோதனையைப் பக்கம் திறக்கும்போதும் அனுப்பும்போதும் ஓட்டுங்கள்.

பல வரி எழுதும் டெக்ஸ்ட்ஏரியா கட்டத்தில் வரிமுறிவு உலாவிக்கு 1, வழக்கமான முறையில் அனுப்பும்போது அது 2 ஆகிவிடும். 10 வரிப் புகாருக்குச் சர்வரில் 9 கூடும். அங்கே ஒற்றை முறிவாக மாற்றியபின் எண்ணச் சொல்லுங்கள். உலாவிச் சோதனையை யாரும் அணைத்துவிட முடியும் என்பதால் சர்வரில் அதே சோதனை கட்டாயம் வேண்டும்.

வெளியிடும் முன், வரம்பைத் தொடும் நீளத்துக்கு இவற்றை ஒட்டிப் பாருங்கள்: திருத்துறைப்பூண்டி, ஸ்ரீவாஞ்சியம், பிரித்த குறியோடு கும்பகோணம், ஓர் ஈமோஜி, வெறும் இடைவெளிகள். ஆர்வமிருந்தால் யூனிகோட் 12-இல் (2019) சேர்ந்த உழக்கு, குறுணி, பதக்கு என்னும் பழைய அளவைக் குறிகளையும் போடுங்கள். அவை தமிழ்க் குறிகளாக இருந்தும் தலா 2 அலகு, 4 பைட்.