வெளிச்சத்தை அளந்து உரக்கரைசலைக் கலப்பது எப்படி? (பால்கனி லெட்டூஸ், மண்ணில்லா முறை)

லெட்டூஸ் வெளுத்து நெடுநெடுவென்று வளர்ந்தால் உரத்தைக் கூட்டாதீர்கள். நைட்ரேட்டையும் பொட்டாசியத்தையும் உறிஞ்ச வேருக்கு ஆற்றல் வேண்டும். அதற்கான சர்க்கரை, வெளிச்சம் பட்ட இலையிலிருந்துதான் இறங்குகிறது. நைட்ரேட் புரதமாக மாறவும் வெளிச்சம் வேண்டும். நிழலில் கூடுதல் உரம் போட்டால் அது இலையில் நைட்ரேட்டாகவே தேங்கும்.

1. வெளிச்சக் கணக்கு

எல்லோரும் தவறுவது இங்கேதான். நண்பகலில் ஒருமுறை அளந்து, அதைப் பன்னிரண்டு மணி நேரத்தால் பெருக்கிவிடுகிறார்கள். கிழக்குப் பால்கனியில் நேரடி வெயில் காலையில் சில மணி நேரம்தான். பிறகு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) சட்டென்று சரியும்.

லக்ஸ் செயலியைத் திறந்து, திரை வானத்தைப் பார்க்க, போனை இலை மட்டத்தில் வையுங்கள். காலை 6 முதல் மாலை 6 வரை மணிக்கு ஒருமுறை குறித்து, எல்லாவற்றையும் கூட்டி 15,000-ஆல் வகுங்கள். கூட்டுத்தொகை 1,20,000 என்றால் விடை 8. இதுதான் ஒரு நாளில் ஒரு சதுர மீட்டருக்குக் கிடைக்கும் ஒளி, மோல் கணக்கில். லெட்டூஸுக்கு 12 முதல் 17 வரை நல்லது.

மழைக்காலம் தொடங்கியதும் மறுபடி அளக்க வேண்டும். தெற்குப் பால்கனியில் ஆடிக்கும் மார்கழிக்கும் கணக்கே வேறு.

2. கரைசல்

கரைசலில் எவ்வளவு உரம் கரைந்திருக்கிறது என்று பார்க்க, பிபிஎம்மில் காட்டும் டிடிஎஸ் மீட்டர் வேண்டாம், இ.சி. (மின்கடத்துத் திறன், mS/cm) மீட்டரே வாங்குங்கள். ஒரே இ.சி. 1.0-ஐ ஒரு டிடிஎஸ் மீட்டர் 500 பிபிஎம் என்றும், இன்னொன்று 700 என்றும் காட்டிக் குழப்பும். வெளிச்சக் கணக்கின் விடை 8-க்குக் கீழே இருந்தால் இ.சி. 0.8 முதல் 1.0, நடுவில் 1.2, 12-க்கு மேல் 1.4 முதல் 1.6. பி.எச். (அமில-கார அளவு) 5.5 – 6.5. வெறும் தண்ணீரின் இ.சி.-யே 0.5-ஐத் தாண்டினால் ஆர்.ஓ. தண்ணீர் கலந்துகொள்ளுங்கள்.

3. தினமும் பார்க்க வேண்டியது

தண்ணீர் குறைந்து இ.சி. ஏறினால் செடி தண்ணீரை மட்டுமே குடித்திருக்கிறது. வெறும் தண்ணீர் ஊற்றுங்கள். இ.சி. இறங்கினால் உரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளிலை ஓரம் கருகினால்

வெளிச்சக் கணக்கின் விடை 17-க்கு மேல் போனால் இது அடிக்கடி வரும். கால்சியம், இலையிலிருந்து ஆவியாகும் நீரோட்டத்தோடுதான் ஏறும். சுருண்ட உள்ளிலையில் ஆவியாதல் குறைவு, ஆனால் வெளிச்சத்தால் வளர்ச்சி வேகம். தொட்டியில் கால்சியம் கூட்டினால் பெரும்பாலும் பலனில்லை. சிறிய மின்விசிறியை மேலிருந்து குருத்தை நோக்கித் திருப்பி, நிழல்வலையும் கட்டுங்கள்.

பின்சேர்க்கை: வெள்ளை எல்.இ.டி. விளக்கு வைத்திருப்பவர்கள் 15,000-க்குப் பதில் சுமார் 19,000-ஆல் வகுக்கவும். வெளிச்சம் குறைந்த பால்கனியில் லெட்டூஸை மாலையில் பறியுங்கள். இரவில் சேர்ந்த நைட்ரேட் பகலில் ஓரளவு செலவாகியிருக்கும்.