'கயவன்' என்று எழுதும் முன்

மெய்ப்புப் பார்க்க வந்த ஒரு சிறுகதையில், அப்பாவின் சட்டைப் பையிலிருந்து நூறு ரூபாய் எடுத்த பையனைக் 'கயவன்' என்று எழுதியிருந்தது. அடுத்த பத்தியில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ராத்திரி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுகிறான். அந்தச் சொல்லை அடித்துவிட்டு, 'இப்படி அழுகிறவன் கயவன் இல்லை' என்று ஓரத்தில் குறித்தேன்.

தப்புச் செய்தவர் எல்லோருக்கும் இந்தச் சொல்லைப் போட்டுவிடுவதுதான் நான் அதிகம் திருத்தும் பிழை. குறளில் 108ஆம் அதிகாரம் கயமை; பொருட்பால் அதோடு முடிகிறது. கயவரை அங்கே குற்றத்தின் அளவை வைத்து அடையாளம் காட்டவில்லை. 'நெஞ்சத்து அவலம் இலர்' (1072) என்கிறார் வள்ளுவர். செய்ததை நினைத்து மனம் உறுத்தாது. 'அச்சமே கீழ்களது ஆசாரம்' (1075): ஒழுங்காக நடந்தாலும் பயத்தில் நடப்பதுதான், பயம் போனால் ஒழுங்கும் போய்விடும். எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் உள்ளே ஏறாது. அப்படிப்பட்டவருக்கு உரிய சொல் இது. அடங்காத பிள்ளைக்குத் தறுதலை, வேலைக்கு ஆகாதவனுக்கு உதவாக்கரை என்று நம்மிடம் வேறு சொற்கள் உண்டு. அவற்றைச் சொல்லித் திட்டும் அம்மா, ஒரு கல்யாணம் ஆனால் திருந்திவிடுவான் என்றும் நம்பிக்கொண்டிருப்பாள். கயவன் என்ற சொல்லில் அந்த நம்பிக்கைக்கு இடமே கிடையாது.

இதைவிட மோசமான பிழை ஒன்று உண்டு. இந்த அதிகாரத்தில் வரும் 'கீழ்' என்ற சொல்லைப் பிறப்போடு சேர்த்துப் படிப்பது. மேடையிலேயே அப்படிப் பேசக் கேட்டிருக்கிறேன், மனம் பொறுக்கவில்லை. 'மேலிருந்தும் மேலல்லார் மேலல்லர் கீழிருந்தும் கீழல்லார் கீழல் லவர்' என்று 973ஆம் குறளிலேயே வள்ளுவர் தீர்த்து வைத்துவிட்டார். எந்த இடத்தில் இருக்கிறாய் என்பதல்ல அவர் கணக்கு, எப்படி நடக்கிறாய் என்பதுதான்.

'சொல்லப் பயன்படுவர் சான்றோர் கரும்புபோல் / கொல்லப் பயன்படும் கீழ்' (1078). முதலடி 'கரும்புபோல்' என்று முடிவதால், சான்றோர் கரும்பு போல் இனிப்பவர் என்று உரை சொல்லிவிடுகிறார்கள். 'சான்றோர்' என்ற இடத்தில் நிறுத்திப் படியுங்கள். கரும்பு கீழ்மக்களுக்கு வந்த உவமை. குறையைச் சொன்னதுமே சான்றோர் உதவுவார்கள். கயவரிடமோ ஆலையில் கரும்பைப் போல நசுக்கினால்தான் ஏதாவது கிடைக்கும். அந்தக் 'கொல்ல'வை மரண தண்டனைக்குச் சான்றாகக் காட்டுவதும் தவறு.

1071இல் வரும் 'ஒப்பாரி' சாவு வீட்டுப் பாட்டு அல்ல. ஒப்புமை என்று பொருள். எழுத்துப் பிழையில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: கயமை வேறு, கைம்மை வேறு. பின்னது கணவனை இழந்த நிலை. அதை இதற்குப் பதிலாக எழுதிவிட்டால் அநியாயம்.

பழைய பாடல்களில் 'கய' என்று கண்டதும் கயமையை நினைக்கக் கூடாது. பெருமை, மென்மை என்ற பொருள்களைத் தொல்காப்பியமே அதற்குத் தருகிறது. கலித்தொகையில் 'துடியடிக் கயந்தலை கலக்கிய சின்னீர்' என்று வரும். கயந்தலை என்பது யானைக் கன்று. அது விளையாடிக் கலக்கிய கொஞ்சம் தண்ணீரைப் பெண் யானைக்கு முதலில் ஊட்டிவிட்டு, அப்புறம்தான் குடிக்கிறது ஆண் யானை.