வாலிபர் ஊழியத்துக்குப் புதியவரா? தடம் மாறும் பிள்ளையோடு பேசுவது எப்படி

ஆராதனை முடிந்துவிட்டது. ஆலயத்துக்குப் பின்னால் இருக்கும் குழாயடியில் ஒரு பையன் வாய் கொப்பளித்துக்கொண்டிருக்கிறான். 16 வயது, போன வருடம்தான் திடப்படுத்தல் எடுத்தவன். கீழுதட்டில் எதையோ அடக்கி வைத்திருந்த வீக்கம் இன்னும் இறங்கவில்லை. காலடியில் ஈரமான சிறு புகையிலைப் பொட்டலம் கிடக்கிறது. நீங்கள் பார்த்துவிட்டீர்கள். பார்த்தது அவனுக்கும் தெரிந்துவிட்டது.

ஊழியத்துக்கு வந்த புதிதில், இப்படி அகப்பட்ட ஒருவனை நான் அங்கேயே நிறுத்தி வேதாகமத்தைத் திறந்தேன். நம் சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்று கொரிந்தியர் நிருபத்திலிருந்து வாசித்துக் காட்டினேன். தலை குனிந்து கேட்டான். "சரி அண்ணா" என்றான். அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. வசனத்தில் பிழை இல்லை. நான் அதை எடுத்த நேரம் பிழை. அடுத்த தடவை தவறும்போதும் அவன் தேடி வந்து சொல்லக்கூடிய ஆளாக நாம் இருக்க வேண்டும். இந்த ஊழியத்தில் மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

படி 1: முன்னேற்பாடு

பொறுப்பு எடுத்த வாரமே ஆயரிடம் உட்கார்ந்து பேசுங்கள். ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் முதலில் யாரிடம் சொல்வது என்பதை இருவரும் முடிவு செய்துகொள்ளுங்கள். பூட்டிய அறையில் எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்கக் கூடாது. பெண் பிள்ளைகளோடு பேச ஓர் அக்கா வேண்டும். நான்கு எண்களைக் கைபேசியில் பதிந்துவையுங்கள்: குழந்தைகள் உதவிக்கு 1098, மனநல ஆலோசனைக்கு 14416, இணையக் குற்றங்களுக்கு 1930, அவசரத்துக்கு 112.

படி 2: முதலில் சாப்பாடு, பிறகு கேள்வி

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ்ப் படுத்துக்கொண்டு சாக வேண்டும் என்று கேட்டபோது தேவன் அவனைக் கண்டிக்கவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் அவன் தலைமாட்டில் இருந்தன. "இங்கே உனக்கு என்ன காரியம்?" என்ற கேள்வி அவன் ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வருகிறது. அதுவும் கேள்வியாகத்தான் வருகிறது.

எனவே குழாயடியில் ஒன்றும் பேசாதீர்கள். சாயங்காலம் டீக்கடைக்குக் கூப்பிடுங்கள். எதிரெதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள், அல்லது சேர்ந்து நடங்கள். முகத்தைப் பார்க்க வேண்டாத இடத்தில் பிள்ளைகளுக்கு வாய் திறக்கும். "ஏன் செய்தாய்?" என்று கேட்டால் அவன் வக்கீல் ஆகிவிடுவான். வேறு விதமாகக் கேளுங்கள்:

"தம்பி, காலையில் பார்த்தேன். திட்ட வரவில்லை. எப்போதிலிருந்து?"

"பத்தாம் வகுப்புப் பரீட்சை சமயத்தில் அண்ணா."

"யார் முதலில் கொடுத்தது?"

"டியூஷனில் ஒரு பையன். தூக்கம் வராது என்றான்."

அதற்கு மேல் அவசரப்படாதீர்கள். பரீட்சை பயம், வீட்டில் ஓயாத சண்டை, அண்ணனோடு ஒப்பிட்டே பேசும் அப்பா என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். புகையிலை அந்தப் பயத்துக்கு அவன் தானாகக் கண்டுபிடித்துக்கொண்ட மருந்து. பயத்தைத் தொடாமல் பொட்டலத்தை மட்டும் பிடுங்கினால், அவன் வேறொன்றைத் தேடிப் போவான்.

படி 3: ரகசியம் காப்பதாகச் சத்தியம் செய்யாதீர்கள்

"யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சொல்லுங்கள் அண்ணா" என்று கேட்பான். அந்த நேரத்தில் மனம் இளகி ஒப்புக்கொள்ளத் தோன்றும். ஒப்புக்கொள்ளாதீர்கள். இப்படிச் சொல்லலாம்: "ஊரெல்லாம் பேச மாட்டேன். ஆனால் உன் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால் ஒருவரிடம் சொல்லியே ஆக வேண்டும். யாரிடம் சொல்லப்போகிறேன் என்பதை முதலில் உன்னிடம்தான் சொல்வேன்." சில பிள்ளைகள் அதோடு நிறுத்திக்கொள்வார்கள், இன்னொரு நாள் வருவார்கள். பொய் வாக்குறுதி வாங்கிக்கொண்டு பேசியவன் திரும்ப வருவதே இல்லை.

படி 4: இன்றே ஓட வேண்டியது எது?

சாக வேண்டும் என்ற பேச்சு, உடம்பைக் கீறிக்கொண்ட தழும்பு, பாலியல் சீண்டல், படத்தை வைத்து யாராவது மிரட்டுவது: இவை நாளைக்குத் தள்ளுகிற காரியங்கள் அல்ல. "சாகலாம் என்று யோசித்தாயா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. சொல்ல ஒருவர் கிடைத்த ஆறுதல்தான் வரும். ஆமாம் என்றால் அவனைத் தனியாக விடாதீர்கள். அன்றைக்கே மருத்துவ உதவிக்கு அழைத்துப் போங்கள். ஜெபமும் வேண்டும், மருத்துவரும் வேண்டும்.

18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்ததாகத் தெரிந்தால் போலீசுக்குத் தெரிவிப்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி கட்டாயம். மறைப்பது தண்டனைக்குரிய குற்றம். குற்றம் சாட்டப்படுகிறவர் சபை மூப்பராக இருந்தாலும் இதுதான். "சபைக்குள் பேசி முடித்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் அதற்கு இணங்காதீர்கள்.

பிள்ளைகள் உரிமம் இல்லாமல் பைக் ஓட்டுவதையும் சிறு குறும்பு என்று விட்டுவிடாதீர்கள். உரிமம் இல்லாத சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் பெற்றோரையோ வண்டியின் சொந்தக்காரரையோ பொறுப்பாளியாக்குகிறது: 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை. அந்தப் பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. என் அனுபவத்தில் பிள்ளைகளுக்கு உறைப்பது இந்தக் கடைசி வரிதான்.

படி 5: பெற்றோர்

நீங்களாக வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கொடுக்காதீர்கள். "அம்மாவிடம் நீ சொல்கிறாயா, நான் பக்கத்தில் இருக்கட்டுமா?" என்று கேளுங்கள். பெல்ட் எடுக்கும் அப்பா என்றால் முதலில் தாய்மாமாவோ பாட்டியோ உதவுவார்கள். அந்த வீட்டிலேயே அவனுக்குக் கொடுமை நடக்கிறது என்றால் 1098.

படி 6: ஜெபக் குறிப்பும் சாட்சியும்

நம் சபைகளில் பிள்ளைகளை அதிகம் இழப்பது இங்கேதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் ஒருவர் பாரத்தோடு சொல்வார்: "நம் வாலிபத் தம்பி ஒருவருக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். பாடகர் குழுவில் கிதார் வாசிக்கிறவர்." கிதார் வாசிப்பது ஒரே ஒருவன்தான். ஞாயிறு காலைக்குள் செய்தி அவன் பாட்டி வரை போய்விடும். ஜெபத்தைக் கேட்கத் தேவனுக்கு விவரம் தேவையில்லை. பிள்ளை அனுமதிக்காத ஒரு சொல்லையும் ஜெபக் குறிப்பில் வைக்காதீர்கள்.

முகாமின் கடைசி இரவு இன்னும் மோசம். பாட்டு உச்சத்தில் இருக்கும்போது மைக்கைக் கையில் கொடுத்துச் சாட்சி சொல்ல வைக்கிறோம். அவன் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்கிறான். நாம் அல்லேலூயா சொல்கிறோம். திங்கட்கிழமை அவன் பள்ளிக்குப் போக வேண்டும். அந்த முகாமில் இருந்த நான்கு பேர் அவன் வகுப்பிலேயே இருக்கிறார்கள். தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள்.

படி 7: விசுவாசத்தைப் பற்றிப் பேசுவது

அவன் கேட்கும்போது பேசுங்கள். கேட்பான். "இனி நான் இராப்போஜனம் எடுக்கலாமா?" என்று மெதுவாக வரும் கேள்விக்குள், தேவன் தன்னை வெறுத்துவிட்டாரா என்ற கேள்வி இருக்கும். அப்போது லூக்கா 15-ஐத் திறந்து, 19-ஆம் வசனத்தையும் 21-ஆம் வசனத்தையும் அவனையே வாசிக்கச் சொல்லுங்கள். இளைய மகன் தகப்பனிடம் சொல்ல ஒரு பேச்சை ஆயத்தம் செய்கிறான். அதில் "உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்" என்ற வரி இருக்கிறது. வீட்டுக்கு வந்து பேசும்போது அந்த வரி இல்லை. தகப்பன் அதற்குள் வஸ்திரம் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். விடுபட்டதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள். பிறகு இரண்டு வரி ஜெபம், அவன் வாயாலேயே.

கிதாரை அவனிடமிருந்து வாங்கிவிடாதீர்கள். புதன்கிழமை போன் செய்யுங்கள். புகையிலையைப் பற்றி ஒன்றும் கேட்காமல், "ஞாயிறு நாற்காலி போட ஆள் வேண்டும், ஏழரைக்கு வந்துவிடு" என்று சொல்லுங்கள். நிக்கோட்டின் விட்ட முதல் நாட்களில் எரிச்சலும் தூக்கமின்மையும் வரும், அது விசுவாசக் குறைவு அல்ல என்றும் சொல்லிவையுங்கள்.

மூன்றாம் வாரம் மறுபடியும் குழாயடியில் பார்த்தால் படி 2-இலிருந்து திரும்பத் தொடங்குங்கள். எலியாவையும் தூதன் இரண்டு தடவை தட்டியெழுப்பிச் சாப்பிடச் சொன்னான்.