டெலி ஜூம் லென்ஸை மாற்றலாமா? குமரி மாவட்டத்தில் படம் எடுப்பவர்களுக்கு

சரி, உங்களிடம் தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கும் டெலி ஜூம் லென்ஸ் ஒன்று, 55-250 மி.மீ. இருக்கிறது, அல்லது 70-300. தேரூர் குளத்திலும் மணக்குடி காயலிலும் கொஞ்ச காலம் படம் எடுத்தாயிற்று. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தால் நாரையின் கண்ணில் ஷார்ப்பே இல்லை, இறகெல்லாம் ஒன்றோடொன்று கலங்கிக் கிடக்கிறது. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது, இஎம்ஐயும் போடலாம் என்று கடைக்காரர் சொல்கிறார். வாங்கிவிடலாமா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் படத்தைக் கெடுப்பது எது என்று தெரிந்துகொள்ளாமல் வாங்காதீர்கள். தூரத்துக்கு எட்டாமல் கெட்டிருக்கலாம், வெளிச்சம் போதாமல் கெட்டிருக்கலாம், லென்ஸே சுமாரானதாக இருக்கலாம், கை ஆடியிருக்கலாம், இல்லை உங்களுக்கும் பறவைக்கும் நடுவில் இருக்கிற காற்றே கெடுத்திருக்கலாம். முதல் மூன்றுக்கும் தனித்தனி லென்ஸ் வேண்டும், ஒன்றுக்கு வாங்கியது மற்றதற்கு உதவாது. கடைசி இரண்டுக்கும் எத்தனை லட்சம் கொடுத்தாலும் லென்ஸ் மருந்தாகாது. கடலோரமும் உப்பளமும் குளங்களுமாக இருக்கிற நம் ஊரில் காற்றின் தொல்லை அதிகம் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

வெயில் ஏறினால் தரை சூடாகி, அதை ஒட்டிய காற்று சூடாகி மேலே எழும்பும், சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலக்கிற இடத்தில் ஒளி கணத்துக்குக் கணம் வேறு வேறு மாதிரி வளையும். கானல் என்று நாம் சொல்வது இதைத்தான். புத்தளம் உப்பளத்தில் காலை பத்து மணிக்கு மேல் தூரத்தில் நிற்கிற பூநாரையைப் பார்த்தால் கண்ணுக்கே அதன் கால்கள் நெளிவது தெரியும். லென்ஸ் அதை மறைக்காது, 600 மி.மீ. லென்ஸ் பறவையைப் பெரிதாக்கும்போது நெளிவையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். இதைச் சோதிப்பது சுலபம். விடிந்ததும் ஒரு தடவை, பதினொரு மணிக்கு ஒரு தடவை, அதே இடத்தில் நின்று அதே தூரத்துக் கம்பத்தையோ படகையோ எடுங்கள். அப்புறம் பத்து மீட்டரில் இருக்கிற ஏதாவது ஒன்றையும் எடுங்கள். பக்கத்தில் இருப்பது பளிச்சென்றும் தூரத்தில் இருப்பது குழம்பியும் வந்தால், காலையில் நன்றாகவும் உச்சியில் மோசமாகவும் வந்தால், உங்கள் லென்ஸ் குற்றவாளி இல்லை. சீக்கிரம் கிளம்புங்கள், பக்கத்தில் போங்கள், முந்தின நாள் மழை பெய்து தெளிந்த காலையைத் தவறவிடாதீர்கள். காரில் இருந்து எடுப்பவர்கள் சூடான பானட்டுக்கு மேலாக லென்ஸை நீட்ட வேண்டாம், கானல் அங்கேயே உண்டாகும். ஏசி போட்ட காரிலிருந்து இறங்கினால் லென்ஸ் கண்ணாடியில் ஆவி படியும், அது தெளிகிற வரை பொறுங்கள்.

அடுத்தது கை, அதோடு காற்றின் வேகம். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் இத்தனை காற்றாலை நிற்பதற்குக் காரணமான கணவாய்க் காற்று ட்ரைபாடையும் ஆட்டும், நீண்ட லென்ஸின் முன்னால் மாட்டியிருக்கிற ஹூடில் மோதி இன்னும் ஆட்டும். முட்டம் பாறை மேலும் இதே கதை. ட்ரைபாடின் நடுக்கொக்கியில் பையைத் தொங்கவிட்டு அது தரையைத் தொடுகிற மாதிரி வையுங்கள், வண்டியின் மறைவில் நில்லுங்கள், ஹூடைக்கூடக் கழற்றிப் பாருங்கள். கையில் பிடித்து எடுத்தால் கிராப் சென்சாரில் (முழு அளவைவிடச் சிறிய சென்சார்) 300 மி.மீ.க்கு ஷட்டர் ஸ்பீடு 1/500 வினாடி குறைந்தபட்சம், பறக்கிற பறவைக்கு 1/1000-க்குக் கீழே இறங்கவே வேண்டாம், சின்னப் பறவை என்றால் 1/2000. லென்ஸில் இருக்கிற ஸ்டெபிலைசேஷன் உங்கள் கையின் நடுக்கத்தைத்தான் சமாளிக்கும், ஆலாப் பறவையின் சிறகை அது நிறுத்தாது.

இதெல்லாம் சரியாக இருந்தும் படம் திருப்தியாக இல்லையா? அப்போது லென்ஸைச் சோதிக்கலாம், வீட்டிலேயே முடியும். நாளிதழின் சின்ன எழுத்துப் பக்கம் ஒன்றை நல்ல வெளிச்சம் விழுகிற சுவரில் விறைப்பாக ஒட்டுங்கள். ஐந்தாறு மீட்டர் தள்ளி ட்ரைபாடில் கேமராவைச் சுவருக்கு நேராக வைத்து, ஸ்டெபிலைசேஷனை அணைத்து, லைவ் வியூவில், அதாவது பின்திரையில், பெரிதாக்கி ஃபோகஸ் செய்து, இரண்டு வினாடி டைமரில், ஜூமை முழுக்க நீட்டி, முழுத் திறப்பில் (எஃப் எண் மிகக் குறைவாக) ஒன்று, எஃப் 8-இல் ஒன்று எடுங்கள். இரண்டும் நடுவில் நன்றாக இருந்தால் லென்ஸ் நல்ல லென்ஸ்தான், பணத்தை வேறு எதிலாவது போடுங்கள். முழுத் திறப்பில் மங்கலாகவும் எஃப் 8-இல் தெளிவாகவும் இருந்தால் அது விலை குறைந்த ஜூம்களின் இயல்பு, அந்தத் திறப்பில்தான் நீங்கள் பெரும்பாலும் எடுக்கிறீர்கள் என்றால் மாற்றுவதில் அர்த்தம் உண்டு. ஒரு மூலை மட்டும் மங்கலாக இருந்தால் உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கும், அது சர்வீஸ் வேலை. லைவ் வியூவில் ஷார்ப்பாக வந்து, வியூஃபைண்டர் வழியாக ஃபோகஸ் செய்தால் மட்டும் தப்பினால், கோளாறு டிஎஸ்எல்ஆரின் (உள்ளே கண்ணாடி வைத்த கேமரா) ஃபோகஸ் அளவீட்டில் இருக்கிறது. நிக்கான் டி7200, கேனான் 80டி மாதிரி கேமரா பாடிகளில் அதை மெனுவிலேயே திருத்தலாம், கேனான் 1500டி, நிக்கான் டி3500 போன்றவற்றில் அந்த வசதி கிடையாது. அப்புறம், கடையில் இலவசமாகப் போட்டுக் கொடுத்த யூவி ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். பலருக்குப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும், செலவே இல்லாமல்.

இனி உங்கள் பழைய படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் ஃபோல்டரை டீட்டெயில்ஸ் முறையில் திறந்து, ஃபோக்கல் லெங்த் என்கிற பத்தியைச் சேர்த்தால் எந்தப் படம் எத்தனை மி.மீ.யில் எடுத்தது என்று வரிசையாகத் தெரியும். உங்களுக்குப் பிடித்த படங்களை மட்டும் பாருங்கள். பாதிக்கு மேல் 250-இலோ 300-இலோ எடுத்து அதற்கு மேலும் ஓரங்களை வெட்டிக் கிராப் செய்திருந்தால் உங்களுக்கு வேண்டியது நீளம், அதாவது கூடுதல் மி.மீ. ஆனால் நீளத்தில் சின்னத் தாவல் வீண். 250-லிருந்து 300-க்குப் போனால் பறவை ஒன்றரை மடங்குகூடப் பெரிதாகாது, பரப்பளவில் 1.44 மடங்குதான். 400-க்குப் போனால் சுமார் இரண்டரை மடங்கு. 300-லிருந்து 600-க்குப் போனால் நான்கு மடங்கு. இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போடுவதோடு சரி என்றால், 24 மெகாபிக்சல் படத்தைக் கால்வாசியாக வெட்டினாலும் 6 மெகாபிக்சல் மிஞ்சுகிறது, அது தாராளம். 12க்கு 18 அங்குலத்தில் பிரிண்ட் போட்டு மாட்டுகிறவர்களுக்குத்தான் அந்த வெட்டு வலிக்கும்.

கன்னியாகுமரியில் நிலவையும் வள்ளுவர் சிலையையும் ஒரே படத்தில் பெரிதாகப் பிடிக்க ஆசைப்படுபவர்கள் நிறைய. இதில் ஒரு கணக்கு உண்டு. சென்சாரில் விழும் நிலவின் அளவு லென்ஸின் நீளத்தைக் கிட்டத்தட்ட 110-ஆல் வகுத்தால் வருவது. 250 மி.மீ.யில் சுமார் 2.3 மி.மீ., கிராப் சென்சாரின் உயரத்தில் ஏழில் ஒரு பங்கு. 600-இல் 5.5 மி.மீ., உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். நீங்கள் எங்கே நின்றாலும் நிலவு இதே அளவுதான், ஆனால் 133 அடிச் சிலை நீங்கள் பின்வாங்கப் பின்வாங்கச் சிறிதாகும். அதனால் சிலைக்குப் பின்னால் நிலவு பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால் கரையோரமாகத் தூரம் போக வேண்டும், அப்படிப் போன பிறகுதான் நீண்ட லென்ஸ் அவசியமாகிறது. இந்த ஒரு படத்துக்காக மட்டும் என்றால் வாங்காதீர்கள், ஒரு பௌர்ணமிக்கு வாடகைக்கு எடுங்கள்.

நீளம் போதும், ஆனால் கீரிப்பாறைக் காட்டின் நிழலிலும் சாயங்காலக் கல்யாணத்தில் கோவிலுக்குள்ளும் சர்ச்சுக்குள்ளும் படமெல்லாம் நாய்ஸாக, புள்ளி புள்ளியாக வருகிறது என்றால் உங்களுக்கு வேண்டியது வெளிச்சம். எஃப் 5.6-இலிருந்து 2.8-க்குப் போனால் நான்கு மடங்கு ஒளி, ஐஎஸ்ஓ 6400-இல் எடுத்ததை 1600-இல் எடுக்கலாம். 70-200 2.8 கல்யாண வேலைக்குச் சம்பாதித்துக் கொடுக்கிற லென்ஸ், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பறவைக்காக அதை வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை, 300-ஐ விற்றுவிட்டு 200-க்கு வருகிறார்கள், தேரூரில் நாரை முன்னைவிடச் சின்னதாகத் தெரிகிறது. 1.4 கன்வெர்ட்டர் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டி நீளத்தைக் கூட்டுவது) போட்டால் 280, எஃப் 4. 2 மடங்கு போட்டால் 400, எஃப் 5.6, தரமும் கொஞ்சம் இறங்கும். எஃப் 6.3 ஜூமில் கன்வெர்ட்டர் போடுவது இன்னும் மோசம், எஃப் 9 ஆகிவிடும், டிஎஸ்எல்ஆர்களில் பெரும்பாலானவை எஃப் 8-க்கு மேல் ஆட்டோஃபோகஸே செய்யாது. கேனான், நிக்கான், சோனி சொந்தமாகச் செய்கிற 70-200 2.8 ஜூம்கள் புதிதாக லட்சத்தைத் தாண்டும் என்பதால், அதற்கு முன் ரா (RAW) ஃபைலாக எடுத்து நல்ல நாய்ஸ் நீக்கும் சாஃப்ட்வேர் ஒன்றில் ஓட்டிப் பாருங்கள்.

எடையை யாரும் வாங்குவதற்கு முன் யோசிப்பதில்லை. கேனான் 55-250 எஸ்டிஎம் 375 கிராம். சிக்மா 150-600 கன்டெம்பரரி ஏறக்குறைய 1.9 கிலோ, சோனி 200-600 இரண்டு கிலோவுக்கு மேல், நிக்கான் 200-500 2.3 கிலோ. மருந்துவாழ்மலை ஏறுகிறவர்களும் பைக்கில் பேச்சிப்பாறை வரை போகிறவர்களும் ஒரு நாள் முழுக்க அந்த எடையைப் பையில் போட்டு நடந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வீட்டு அலமாரியில் தூங்குகிற 600-ஐவிடத் தினமும் கழுத்தில் தொங்குகிற 300 நல்லது. மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா) வைத்திருப்பவர்களுக்கு நடுவழியும் உண்டு, கேனான் ஆர்எஃப் 100-400, சோனி 70-350 இரண்டுமே 650 கிராமுக்குள்தான். கேனானுடையது முழு நீளத்தில் எஃப் 8, காலை வெயிலுக்குச் சரி, காட்டுக்கு ஆகாது.

பாடிக்குப் பொருந்துமா என்பதில் ஏமாந்துவிடாதீர்கள். கேனான் டிஎஸ்எல்ஆருக்கான இஎஃப் லென்ஸ் அடாப்டர் போட்டால் மிரர்லெஸ் ஆர் பாடியில் தரம் குறையாமல் ஓடும், மிரர்லெஸ்ஸுக்கான ஆர்எஃப் லென்ஸ் டிஎஸ்எல்ஆரில் ஒருபோதும் ஏறாது. மோட்டார் இல்லாத பழைய நிக்கான் ஏஎஃப்-டி லென்ஸுக்கு டி3500-இலும் ஆட்டோஃபோகஸ் கிடையாது, நிக்கான் மிரர்லெஸ்ஸில் போடுகிற எஃப்டிஇசட் அடாப்டரிலும் கிடையாது. ஒன்றிரண்டு வருஷத்தில் மிரர்லெஸ்ஸுக்கு மாறுவதாக இருந்தால் இப்போது பெரிய தொகையைப் பழைய மவுண்ட்டில், அதாவது டிஎஸ்எல்ஆர் லென்ஸில், போடுவதை நான் விரும்பமாட்டேன், செகண்ட்ஹேண்டில் கிடைத்தால் மட்டும் பார்க்கலாம்.

செகண்ட்ஹேண்ட் என்றால் டார்ச் கொண்டு போங்கள். திறப்பை முழுதாகத் திறந்து பின்பக்கமிருந்து அடித்துப் பாருங்கள், சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் ஃபங்கஸ், விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். இரண்டு பருவமழையும் கடல் ஈரமும் சேர்ந்த நம் ஊரில் இது சர்வசாதாரணம். புதிதாக வாங்கினாலும் இந்திய வாரண்டி கார்டு இருக்கிறதா என்று பார்த்து, டிரை பாக்ஸுக்கும் சேர்த்துப் பட்ஜெட் போடுங்கள். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பத மீட்டர் போதும், 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் வையுங்கள். கடற்கரைக்குப் போய் வந்ததும் லென்ஸின் வெளிப்புறத்தை லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள், உப்பு ரப்பரையும் வளையத்தையும் தின்றுவிடும்.

கடைசியாக, வாங்குவதற்கு முன் கட்டாயம் வாடகைக்கு எடுங்கள். நாகர்கோவில், மார்த்தாண்டம் கல்யாண ஸ்டூடியோக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், இல்லையென்றால் திருவனந்தபுரம் பக்கம்தான். ஒரே காலையில், ஒரே இடத்தில், ஒரே ஷட்டர் ஸ்பீடில் பழையதிலும் புதியதிலும் எடுத்து, பழையதைக் கிராப் செய்து ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, இரண்டையும் பிரிண்ட் போட்டுப் பாருங்கள். படம் எடுக்காத ஒருவர் கையில் கொடுத்து எது நன்றாக இருக்கிறது என்று கேளுங்கள். அவர் தயங்காமல் புதியதைக் காட்டினால் தாராளமாக வாங்கலாம்.

வாங்கினாலும் 55-250-ஐ விற்க அவசரப்பட வேண்டாம், விற்றாலும் பெரிதாகக் கிடைக்காது. கேனான் 55-250 எஸ்டிஎம் 85 செ.மீ. தூரத்திலேயே ஃபோகஸ் ஆகும், சிக்மா 150-600-க்கு 2.8 மீட்டர் வேண்டும். காளிகேசம் ஓடைக்கரையில் தும்பியும் பட்டாம்பூச்சியும் எடுக்க அந்தச் சின்ன லென்ஸ்தான் வசதி.